மருத்துவ அலட்சியமும் சட்டமும்: டெல்டா மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் காரைக்காலிலும் சிகிச்சை பெற்றவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. முக்கியச் சட்டங்கள் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் எந்த ஆணையம், எந்த நீதிமன்றம், எந்த அலுவலகம் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி இறந்துவிட்டார். இதுவே அலட்சியம் ஆகாதா?

ஆகாது. மோசமான முடிவு வேறு, அலட்சியம் வேறு. நான்கு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: மருத்துவர் அந்த நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார், அதே துறையில் உள்ள ஒரு சராசரி மருத்துவர் காட்டும் கவனத்தை அவர் காட்டவில்லை, நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டது, அந்தக் குறைபாட்டால்தான் அந்தப் பாதிப்பு வந்தது. 1957-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான போலம் வழக்கின் இந்த ‘சராசரி மருத்துவர்’ அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உறுதி செய்தது. இரண்டு சிகிச்சை முறைகளும் மருத்துவ உலகில் ஏற்கப்பட்டவையாக இருந்து, மருத்துவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், மற்றதைச் செய்திருக்கலாமே என்று சொல்லி ஜெயிக்க முடியாது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு கரு தரித்தாலும் இதே கதைதான். அந்த ஆபரேஷன் சரியாகச் செய்யப்பட்டாலும் ஒரு சிலருக்குத் தோற்கும் என்பதால், கரு தரித்தது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது என்று 2005-இல் சிவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் எதைத்தான் அலட்சியம் என்கிறார்கள்? உதாரணம் சொல்லுங்கள்.

பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு எந்த நல்ல ஆஸ்பத்திரியிலும் வரலாம், அது குற்றமில்லை. பிரசவம் ஆன உடனே, கருப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட் போடப்பட்டதா, முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து எழுதப்பட்டதா, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னது எத்தனை மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவெடுத்தது எத்தனை மணிக்கு என்பவைதான் கேள்வி. இந்த நேரங்கள் கேஸ் ஷீட்டில் இல்லையென்றால் மருத்துவர் தரப்புக்குச் சிக்கல். இருந்து, அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இன்னும் பெரிய சிக்கல்.

வயல்வேலையில் பாம்புக்கடி. விரியன் கடி என்றால் ரத்தம் உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் எளிய பரிசோதனை உண்டு. அதற்கு லேப் கூடத் தேவையில்லை. அது செய்யப்பட்டதா? விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருந்தும் முதல் தவணை போடாமல் ‘தஞ்சாவூர் போங்க’ என்று அனுப்பினார்களா? கட்டுவிரியன் கடியில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. விஷம் நரம்பைத் தாக்கியதன் அறிகுறியாகக் கண் இமை தொங்குவதைக் கவனித்தார்களா?

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டபின் ‘விரல் மரத்துப்போச்சு, வலி தாங்கல’ என்று நோயாளி திரும்பத் திரும்பச் சொல்லியும் கட்டைத் தளர்த்திப் பார்க்காமல் விட்டு, கை அழுகிப்போவது இன்னொரு வகை. வயிற்றுக்குள் துணியோ கருவியோ விட்டுத் தைப்பது எல்லாவற்றையும் விடத் தெளிவானது. அதில் நடந்ததே சாட்சி. நிபுணரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வழக்குகள் பெரும்பாலும் எதில் தோற்கின்றன?

நான்காவது அம்சத்தில், அதாவது காரணத் தொடர்பில். மருத்துவர் தவறியது உண்மையாகவே இருக்கும். ஆனால் ‘சரியாகச் செய்திருந்தாலும் இதே முடிவுதான்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது பதில் இருக்காது. கடிபட்டு ஆறு மணி நேரம் மந்திரித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவருக்கு, ஆஸ்பத்திரியில் அரை மணி தாமதமானதால்தான் சிறுநீரகம் போனது என்று காட்டுவது எளிதல்ல. ஆகவே வீட்டில் என்ன நடந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்பதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும்.

முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

ஆவணம். வழக்கு எங்கே போடுவது என்ற யோசனை பிறகு.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். 2023-இல் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே நடைமுறையில் உள்ளன.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது மருத்துவமனை எழுதித் தரும் சுருக்கம், வழக்குக்குப் போதாது. மனுவில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அனுமதிப் பக்கம், தினசரிக் குறிப்புகள், நர்ஸ் சார்ட், மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஐசியூ சார்ட், ஒப்புதல் படிவம், பிரசவம் என்றால் பிரசவ முன்னேற்ற வரைபடம், எல்லா லேப் முடிவுகள், ஸ்கேன் படங்கள், ரத்தம் ஏற்றிய பதிவு, வேறிடம் அனுப்பிய கடிதம். ‘எல்லா ரெக்கார்டும் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் நான்கு பக்கம் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நாளும் நேரமும் போட்டு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தில், குறிப்பிட்ட நாள், நேரத்துக்கான சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். அவை சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து வையுங்கள்: மருந்துக்கடை பில்கள், அட்வான்ஸ் கட்டிய ரசீது, ஜிபே பதிவு, டாக்டருக்குப் போன போன் அழைப்புகள், வாட்ஸ்அப் செய்திகள், 108 ஆம்புலன்ஸ் வந்த நேரம். செல்போனில் இருப்பதைச் சான்றாகத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன் கீழ் சான்றிதழ் வேண்டும். எனவே அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

கேஸ் ஷீட் தரவே மாட்டேன் என்கிறார்கள்.

அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு சான்று. பதிவைத் தராத மருத்துவமனைக்கு எதிராகவே நுகர்வோர் ஆணையம் ஊகித்துக்கொள்ளலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டத்தில் அதைப் பார்ப்பது இந்த அலுவலகம்தான். வழக்கு போட்டபின், பதிவுகளைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்திலும் மனு போடலாம்.

அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.

இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை செய்தே ஆகவேண்டுமா?

சந்தேகம் இருந்தால், ஆம். நம் பகுதியில் உடலை அன்று மாலைக்குள் எடுத்துவிடுவது வழக்கம். அறுக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் பரிசோதனை இல்லாமல் இறப்பின் காரணத்தை மருத்துவமனை எழுதியபடியே ஏற்க வேண்டி வரும். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 194-இன் கீழ் விசாரித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும். உள்ளுறுப்பு மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம்.

பில் பாக்கி என்று சொல்லி உடலைத் தராமல் தடுத்து வைக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. பணம் வரவேண்டியிருந்தால் அவர்கள் சிவில் வழக்கு போடட்டும்.

எங்கே வழக்கு போடுவது?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பணமாக இழப்பீடு வேண்டும், கட்டணம் கொடுத்துச் சிகிச்சை பெற்றோம் என்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவரின் பதிவின் மீது நடவடிக்கை வேண்டும் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். தண்டனை வேண்டும் என்றால் போலீஸ். அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை என்றால் சிவில் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போகவும் தடையில்லை. ஆனால் இழப்பீட்டுக்கு ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதையே சிவில் நீதிமன்றத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் இணையாகக் கேட்க முடியாது.

எங்கள் கருத்து: சாதாரணக் குடும்பத்துக்கு நுகர்வோர் ஆணையமே பொருத்தமான இடம். போலீஸ் புகாரில் மட்டும் நம்பிக்கை வைத்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, நுகர்வோர் ஆணையத்தின் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

நுகர்வோர் ஆணையத்தில் கெடு எவ்வளவு? கட்டணம் எவ்வளவு?

கெடு 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம்; அதை நம்பி இருக்கக் கூடாது. வயிற்றில் பொருள் விட்டது போன்ற வழக்கில், தெரியவந்த நாளிலிருந்து கெடு ஓடும். ஆனால் வலி தொடர்ந்து இருந்தும் வருடக்கணக்கில் பரிசோதிக்காமல் இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்று ஸ்ரீகாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நோயாளி ஏறக்குறைய 9 ஆண்டுகள் வலியோடு பரிசோதிக்காமல் இருந்தார்.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்தது அல்ல, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். 3 லட்சம் பில் கட்டி 40 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கட்டணமும் அதேபோல: கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம் என்பது. நாகூரில் இருப்பவர் காரைக்கால் தனியார் மருத்துவமனைக்கு எதிராக நாகப்பட்டினத்திலேயே போடலாம். சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்ட மன்னார்குடிக்காரருக்குத் திருவாரூர் போதும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, ஆனாலும் மருத்துவ வழக்கில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இன்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். அழைப்பு எண் 15100.

புதிய நுகர்வோர் சட்டத்தில் மருத்துவமே இல்லையாமே?

சட்டத்தின் விளக்கப் பகுதியில் மருத்துவம் என்று தனியாக எழுதப்படவில்லை, அவ்வளவுதான். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பானது. 2019 சட்டத்துக்குப் பிறகும் அதுவே பொருந்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2024 மே மாதத்தில் வக்கீல்கள் பற்றிய ஒரு தீர்ப்பில் சாந்தா தீர்ப்பை மறுபரிசீலிக்க வேண்டும் என்று இரு நீதிபதிகள் சொன்னார்கள்; அதற்குத் தேவையில்லை என்று அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு முடித்துவைத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நடந்தால் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும்; வழிதான் வேறு. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

முழு இலவசம் என்றால் சிவில் வழக்கு. அரசுக்கு முதலில் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன் கீழ் நோட்டீஸ் அனுப்பி 2 மாதம் காத்திருக்க வேண்டும். இறப்புக்கான இழப்பீட்டு வழக்குக்குக் கெடு 2 ஆண்டுகள் என்பதால் நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள். ஊழியரின் அலட்சியத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதை 1996-இல் அச்யுத்ராவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துண்டை விட்டுத் தைத்த வழக்கு அது.

தவறு கண்கூடாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு நேரடியாக உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். இங்கே ஊர் முக்கியம். தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லையில் வருகிறது. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னை முதன்மை அமர்வில் வருகின்றன, காரைக்காலும் அப்படியே. கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், பக்கத்தில் குத்தாலத்துக்காரர் சென்னைக்கும் போக வேண்டும். உண்மைகளில் தகராறு இருந்தால் ‘சிவில் நீதிமன்றம் போங்கள்’ என்று ரிட் மனுவை முடித்துவிடுவார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நாங்கள் பணம் கட்டவில்லையே?

உங்களுக்காகக் காப்பீட்டிலிருந்து பணம் போயிருக்கிறது. காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்தவரோ கட்டணம் கட்டினாலும் நோயாளி நுகர்வோரே என்று சாந்தா தீர்ப்பு சொல்கிறது. அட்டையின் நகலையும் ஒப்புதல் கடிதத்தையும் எடுத்து வையுங்கள். திட்டத்தில் சேர்ந்தபின் ‘கூடுதலாக’ என்று கையில் வாங்கிய பணத்துக்கு ரசீது இருந்தால் அதையும்.

நிபுணர் கருத்து கட்டாயமா? எந்த டாக்டர் சக டாக்டருக்கு எதிராக எழுதுவார்?

எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மலேரியாவை டைபாய்டு என்று வைத்து சிகிச்சை செய்த வழக்கு அது. ஆனால் மயக்க மருந்து, மூளை ஆபரேஷன், பச்சிளங்குழந்தை சிகிச்சை போன்றவற்றில் நிபுணர் இல்லாமல் வழக்கு நிற்காது.

டெல்டாவில் ஒருவருக்கொருவர் தெரிந்த மருத்துவ வட்டம். அதே ஊரில் தேடிப் பயனில்லை. சென்னை, மதுரை, புதுச்சேரி, வேலூர் பக்கம் ஓய்வுபெற்ற பேராசிரியர்களைக் கேளுங்கள். அதே துறைக்காரராக இருக்க வேண்டும். எலும்பு வழக்குக்குப் பொது மருத்துவரின் கடிதம் செல்லாக்காசு. முழு கேஸ் ஷீட்டையும் கொடுத்து, எத்தனை மணிக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘சிகிச்சை சரியில்லை’ என்று ஒரு வரி எழுதியதால் ஒன்றும் ஆகாது. ஆணையமே மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிக் கருத்து கேட்பதும் உண்டு. அந்தக் கருத்து பாதகமாக வந்தால் அதன் குறைகளைச் சுட்டி ஆட்சேபணை தாக்கல் செய்யலாம். கருத்து தந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். உரிமை போய்விட்டதா?

இல்லை. ‘என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தாலும் அது அலட்சியத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. என்ன ஆபரேஷன், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்த பெண்ணுக்குக் கருப்பையையும் சினைப்பையையும் அகற்றியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கினார்கள், அது செல்லவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவரேதான். கணவரோ மாமனாரோ அல்ல.

‘மருத்துவர் ஆலோசனைக்கு எதிராகச் செல்கிறேன்’ என்ற கையெழுத்து வேறு விஷயம். அது உங்களுக்கு எதிராக வலுவாக நிற்கும். தஞ்சாவூருக்கு அனுப்பச் சொன்னதே டாக்டர் என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன மருந்து கொடுத்தார்கள், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதோடு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

விபத்து கேஸ் என்று சொல்லிச் சேர்க்க மறுத்தால்?

அவசர முதலுதவியை அரசு, தனியார் எந்த மருத்துவரும் மறுக்க முடியாது. போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பானது.

போலீசில் புகார் கொடுத்தால் டாக்டரைக் கைது செய்வார்களா?

உடனே செய்ய மாட்டார்கள். ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, கடும் அலட்சியம் வேண்டும். விசாரணை அதிகாரி முதலில் ஒரு சார்பற்ற மருத்துவரிடம், கூடுமானவரை அரசு மருத்துவரிடம், கருத்து பெற வேண்டும். வழக்கமான கைது கூடாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 106(1) பொருந்தும். அலட்சியத்தால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை; மருத்துவச் செயல்முறையின்போது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

மருத்துவமனை வாசலில் மறியல், கண்ணாடி உடைப்பு வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் பணியாளரைத் தாக்கினாலோ சொத்தைச் சேதப்படுத்தினாலோ ஜாமீனில் வர முடியாத வழக்கு வரும். பிறகு இரண்டு தரப்பும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வோம் என்று பேரம் தொடங்கும். உங்கள் நியாயம் அந்தப் பேரத்தில் கரைந்துவிடும்.

ஊசி போட்டவர் டாக்டரே இல்லை என்று தெரிகிறது.

அப்படியானால் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் அவருக்கு இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் பிரிவு 34-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். பெயரை மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இணை இயக்குநர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

யாரையெல்லாம் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது?

மருத்துவமனையைக் கட்டாயம். சிகிச்சை செய்த மருத்துவரைத் தெரிந்தால் சேர்க்கலாம். வெளியிலிருந்து வந்துபோன மயக்க மருந்து நிபுணரின் பெயர் தெரியாது என்பதற்காக வழக்கு விழாது. 2004-இல் சவிதா கார்க் வழக்கில் இது தீர்ந்துவிட்டது. மருத்துவருக்குப் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் சேருங்கள். பணம் வசூலாவது எளிது.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்?

வருமான இழப்பு, இனி ஆகும் சிகிச்சைச் செலவு, கவனிப்புச் செலவு, வலி, ஊனம் என்று தலைப்பு தலைப்பாகக் கணக்கிட வேண்டும். குடும்பத் தலைவியின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு. சென்னை அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை போன வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் வழங்கியது. எதிர்காலச் சிகிச்சைச் செலவைப் பணவீக்கத்தோடு கணக்கிட்டதால்தான் தொகை அப்படி உயர்ந்தது. ‘50 லட்சம் மன உளைச்சலுக்கு’ என்று ஒரே வரியில் கேட்பவர்களுக்கு ஆயிரங்களில் முடிகிறது.

எத்தனை நாளில் முடியும்? தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால்?

நுகர்வோர் சட்டத்தில் 3 மாதம் என்று இருக்கிறது. மருத்துவ வழக்குகள் நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் போகும். எதிர்த்தரப்பு பதிலுரை தர 30 நாள், கூடுதலாக 15 நாள். 45-ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்று 2020-இல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அந்த நாளை உங்கள் வக்கீல் குறித்து வைக்கட்டும்.

சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் மாவட்ட நிரந்தர மக்கள் நீதிமன்றம் ஒரு வழி. மருத்துவமனைச் சேவை அதன் வரம்பில் வருகிறது, 1 கோடி வரை கேட்கலாம். தொகை குறைவாக இருந்தாலும் கையில் வந்து சேரும்.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்புக்கு எதிராக 45 நாளில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. மருத்துவமனை மேல்முறையீடு செய்தால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்றால் நுகர்வோர் சட்டம் பிரிவு 71-இன் கீழ் சொத்து ஜப்தி, பிரிவு 72-இன் கீழ் தண்டனை மனு. பிரிவு 72-இல் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. சம்மன் போனதும் பெரும்பாலும் காசோலை வந்துவிடும்.